லியூபெனின் முறை

மார்ச் பிறந்தும் விராத்சா மலையில் பனி முழங்காலளவு கிடந்தது. நாங்கள் ஏறும் பாறைக்கு அதன் வழியே இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். முன்னால் போகிறவர் நூறு காலடிக்குப் பனியை மிதித்துத் தடம் போட்டுவிட்டு, ஒதுங்கி நின்று கடைசி ஆளாகச் சேர்ந்துகொள்வார். போன வருடம் வரை மூன்று பேர். இலையுதிர் காலத்தில் லியூபென் இறந்துபோனான். இப்போது நானும் சோர்னிட்சாவும்தான்.

நான் நூறு மிதித்தேன். அவள் நூறு மிதித்து ஒதுங்கினாள். மறுபடி நான் முன்னே வந்தபோது, எதிரே தடம் ஏற்கெனவே போட்டிருந்தது. இருபுறமும் பனி கலையவில்லை.

"யாராவது நமக்கு முன்னாடி போயிருப்பாங்களோ?"

"எங்கிருந்து வந்து போவாங்க? தடமே இங்கதானே ஆரம்பிக்குது. எண்ணிக்கிட்டே நட."

எண்ணினேன். எண்பதாவது காலடியில் தடம் நின்றுவிட்டது.

சோர்னிட்சா கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நின்றுபோன தடத்தைப் பார்த்துச் சிரித்தாள். "எண்பதுலயே நின்னுட்டு நூறுன்னு சாதிக்கிற புத்தி இன்னும் போகலையாடா, கழுதை?"

மீதி இருபதை எப்போதும்போல நான்தான் மிதித்தேன். பின்னால் இரண்டு பேர் மூச்சு வாங்குவது கேட்டது.