ஆடாத ஆன்டெனா

இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாவுக்கு மேலே, தேயிலைத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னாலிருந்த மலைச்சரிவில் நிலக்ஷி ஒரு கருவியை வடிவமைத்து நட்டிருந்தாள். எதிர்மலைப் பாறைக்கு மைக்ரோவேவ் அலை அனுப்பித் தூரத்தை அளக்கும். மண் நகர்ந்து தூரம் மாறினால் சைரன் ஒலிக்கும்.

காற்றில் ஆன்டெனா ஆடினாலும் ஒலித்தது. இரண்டு தடவை சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மழையில் கோயிலுக்கு ஓடினார்கள்.

"இன்னொருக்கா கத்துனா யாரும் வெளிய வரமாட்டாங்க மிஸ்," என்றார் தோட்டத் தலைவர் சின்னராசா.

அவமானத்தோடு சைரனை நிறுத்திவைத்தாள். ஆன்டெனாவைத் தடித்த பிளாஸ்டிக் குழாய்க்குள் இறக்கி, சுற்றிலும் ரப்பர் வளையங்களை இறுக்கினாள். குழாயை உலுக்கிப் பார்த்தாள். திரையில் எண் அசையவில்லை.

ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தபோது தூரம் எட்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. ரப்பர் தொய்ந்துவிட்டது என்று எரிச்சலோடு குழாயைத் திறந்தாள். வளையங்கள் இறுக்கமாகவே இருந்தன. எங்கே பிழை என்று புரியாமல் சோர்ந்து உட்கார்ந்தாள்.

லயத்திலிருந்து அம்மாக்கண்ணு பால் ஊற்றாத பிளேன்டீ கொண்டுவந்தாள்.

"குளிருதுல்ல, வீட்டுக்குள்ள வந்து குடிங்க மிஸ். கதவ மட்டும் இழுக்காதீங்க. ஒரு வாரமா சாத்த முடியல, நெலை கோணிக்கிட்டு நிக்கிது."

நிலக்ஷி எழுந்து ஓடிப்போய் சைரன் பொத்தானை அழுத்தினாள். லயத்திலிருந்து யாரும் ஓடிவரவில்லை. சின்னராசா மட்டும் சலிப்போடு வெளியே வந்தார்.

"மறுபடி ஆன்டெனா ஆடுதா மிஸ்?"

"இல்லீங்க, இப்ப அது ஆடவே இல்ல. மலைதான் நகருது."