நஸ்ஹாவின் பஞ்சி

"குடும்பத்தில வேற ஆருக்காவது இப்பிடி மூட்டு நோவு, வெயில் பட்டா முகத்தில சிவப்பு, கடும் களைப்பு இருந்ததா அம்மா?" என்று கேட்டார் டொக்டர் நிலோஜன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோய் ஒரே குடும்பத்தில் பலருக்கு வருவதைப் பற்றி அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

"ஒருத்தருக்கும் இல்ல டொக்டர்," என்றாள் ஸஹீதா. "என்ட மகனுக்குத்தான் வந்திட்டு. விரல் மடக்க ஏலாது. நான்தான் வாயில சோறு தீத்துறன்."

பக்கத்தில் இருந்த அந்த மகன் றிஸான், "ராத்தாக்கும் இருந்துதானே உம்மா," என்றான்.

"அது வருத்தம், நோய் ஒண்டுமில்ல மகன். பஞ்சி, வெறும் சோம்பல்." ஸஹீதா டொக்டரிடம் திரும்பினாள். "மூத்த மகள் நஸ்ஹா. விடிஞ்சா எழும்பமாட்டாள். கை நோகுதெண்டு சட்டி கழுவமாட்டாள். பஞ்சி தெளியட்டும் எண்டு வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினன்."

டொக்டர் வேகமாக எழுதினார். "அதே அறிகுறிதான் அம்மா. மகனுக்கு முதலே அவவுக்குத் தொடங்கியிருக்கு. பயப்பட வேணாம், மருந்து இருக்கு. அவட இரத்தமும் எங்களுக்கு வேணும். லீவில எப்ப வருவா?"



"அவ வரமாட்டா டொக்டர்," என்றான் றிஸான். "ரெண்டு வருசத்துக்கு முன்ன கிட்னி பழுதாகி மவுத்தாகிட்டா. அங்கயே அடக்கிட்டாங்க."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கிட்னியையும் இந்த வருத்தம்தான் தாக்கும்," என்றார் மெதுவாக.

ஸஹீதா றிஸானின் மடங்காத விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியாப் பேசக்குள்ளயும், 'ஏலாது உம்மா, நான் வரட்டா?' எண்டு கேட்டாள். நான் போனை வெச்சிட்டன்."