சத்தமில்லாத பலகை

டொக்! டொக்! டொக்!

சுவரில் தட்டு விழுந்ததுமே அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். இப்போதுதான் மிஷினை நிறுத்தியிருந்தாள். அறுத்த யானையின் தும்பிக்கைத் துண்டு இன்னும் கையில்தான் இருந்தது.

"ஆரம்பிச்சிட்டார் பக்கத்து வீட்டு ஆபீசர்," என்றாள் உப்புத்தாளால் விளிம்பு தேய்த்துக்கொண்டிருந்த நாத்தனார். "இன்னிக்கு இது எத்தனாவது அண்ணி?"

"நாலாவது. மெதுவாப் பேசுடி, அது வேற கேட்டுத் தொலைக்கப் போகுது."

மிஷின் ஒன்றும் ராட்சச மிஷின் இல்லை. தையல் மிஷின் அளவுக்கு மேசைமேல் உட்கார்ந்திருக்கும். நூல் மாதிரி மெல்லிசான பிளேடு மேலும் கீழும் ஓடி, பிளைவுட்டை யானையாகவும் மீனாகவும் வளைத்து வளைத்து அறுக்கும். குழந்தைகள் கோத்து விளையாடும் அந்தப் புதிர்ப்பலகைகளை விற்றுத்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் அது போடும் 'கொர்ர்ர்' சத்தத்துக்காக ஏற்கெனவே இரண்டு வீடு மாறியாகிவிட்டது.

இந்த வீட்டுக்கு வரும்போதே ஹவுஸ் ஓனர் கறாராகச் சொல்லிவிட்டார். "அக்கம்பக்கத்துல இருந்து ஒரே ஒரு புகார் வரட்டும். அன்னிக்கே மிஷினும் வெளிய, நீங்களும் வெளிய."

ஒரு வருஷம் நிம்மதியாகத்தான் போனது. போன மாசம் சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் குடிவந்தது. முதல் வாரமே இந்தத் தட்டு ஆரம்பித்துவிட்டது. மிஷினை நிறுத்தினால் போதும், குழந்தை வீறிடுவது கேட்கும். கொஞ்ச நேரத்தில் சுவரில் டொக் டொக். மிஷின் ஓடும்போது எவ்வளவு நேரம் அழுததோ, அவர் எத்தனை தடவை தட்டினாரோ, இந்தக் 'கொர்'ருக்கு நடுவில் யாருக்குக் கேட்டது!

"பச்சைப் பிள்ளையைத் தூங்கவிடாம பண்றோமேடி, பாவம்டி," என்றாள் அவள் அழாத குறையாக.

"அப்ப மூட்டை கட்டி வைங்க மிஷினை."

"நாளைக்குள்ள பள்ளிக்கூடத்துக்கு நாப்பது யானை போயாகணும். நீ பல்லால கடிச்சுத் தர்றியா?"

பயந்துபோய்த்தான் நேற்று பிளைவுட் கடைக்கு ஓடினாள். "அண்ணே, அறுத்தா சத்தம் வராத பலகை இருக்கா? விலையும் கையைக் கடிக்கக் கூடாது," என்று கேட்க, கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் அவள் வழக்கமாக வாங்கும் மலிவுப் பலகையை எடுத்து, விரல் முட்டியால் தட்டிக் காட்டினார்.

"கேட்டியாம்மா? டொப்பு டொப்புங்குது. உள்ள அடுக்கு சரியா ஒட்டாம பொந்து பொந்தா இருக்கு. பிளேடு அதுல விழுந்து எந்திரிக்கறப்ப தடதடன்னு ஆடாம என்ன பண்ணும்?"

"நல்ல பலகை எனக்குக் கட்டுப்படியாகாதே அண்ணே."

"முழுப் பலகை உனக்கு எதுக்கு? அலமாரி செய்யறவங்க வெட்டிப் போட்ட துண்டு மூலையில கிடக்கு. அத்தனையும் முதல் தரம். உன் யானைக்கு அது தாராளம். மலிவுப் பலகை விலையே குடு, போதும்."

புண்ணியவான், வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை. இன்று காலையிலிருந்து மிஷின் போடும் சத்தம் பூனை உறுமுகிற அளவுக்குக்கூட இல்லை. போதாக்குறைக்குப் பழைய போர்வையை நாலாக மடித்து மிஷினுக்கு அடியில் வேறு கொடுத்தாள். ஐந்து நிமிஷம் அறுப்பது, பத்து நிமிஷம் நிறுத்துவது என்று விட்டு விட்டு ஓட்டினாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான்! நாளுக்கு இரண்டு தட்டு விழுந்த சுவரில் இன்று மத்தியானத்துக்குள் நாலு. குழந்தையோ வீடே இடிந்து விழுகிற மாதிரி அழுகிறது.

"இவ்வளவு பண்ணியும் அடங்கலேன்னா, நம்மளைக் காலி பண்ண வைக்கணும்னே நினைச்சிட்டார்," என்றாள் நாத்தனார்.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, வாசல் கதவு தடதடத்தது.

நாத்தனார் அடிமேல் அடி வைத்துப் போய் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். "போச்சு அண்ணி, அவரேதான். கண்ணு ரெண்டும் கோவைப்பழம். தோள்ல குழந்தை வேற கத்துது."

"ஓனர்கிட்டப் போறதுக்கு முன்னாடி நம்மளை ஒரு பிடி பிடிச்சிட்டுப் போக வந்திருக்கார்."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுபடியும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைவதா? மிஷின் என்றதும் முகம் சுளிக்காத ஓனர் இனி எங்கே கிடைப்பார்? பிழைப்பே போய்விடுமே!

முந்திக்கொண்டு கெஞ்சிவிட வேண்டியதுதான். கதவைத் திறந்தவள் அவரை வாயைத் திறக்கவே விடவில்லை.

"சார், மன்னிச்சிடுங்க சார்! ஓனர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. விட்டு விட்டுத்தான் ஓட்டறேன். பலகையைக்கூட மாத்திட்டேன் சார், இனிமே அந்தச் சத்தமே வராது!"

அவர் பேயறைந்த மாதிரி நின்றார். வீறிட்ட குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"ஐயையோ, அதை ஏம்மா மாத்தினீங்க? அந்தச் சத்தம் கேட்டாத்தானே இவ தூங்கறா!"