பைக்குள் இருக்கும் கை

அறையில் நானும் என் தங்கையின் கணவரும், மேசைமேல் கவிழ்ந்து கிடக்கும் கிட்டார் ஆம்ப்ளிஃபயரும். பழைய ரேடியோக்களில் இருப்பதுபோல் கண்ணாடி வால்வுகள் வைத்து நாங்கள் வீட்டிலேயே கட்டிவரும் பெட்டி அது. கிழிந்த திரை வழியாக மதிய வெயில் அணைந்த வால்வுகளின் கண்ணாடியில் விழுகிறது. ஈயப்புகை இன்னும் நாறுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். அதை இறக்கிவிட்டுத்தான் உள்ளே தொட வேண்டும்.

“இறக்கிட்டேன் மச்சான். தைரியமா கைய வைங்க.”

குறடை எடுக்கிறேன். அவருடைய இடது கை கால்சட்டைப் பைக்குள் இருக்கிறது. மின்சாரம் உள்ள பெட்டியருகே நாங்கள் இருவருமே அப்படித்தான் ஒரு கையைப் பைக்குள் போட்டுக்கொள்வோம். ஷாக் அடித்தாலும் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சு வழியாகப் பாயாது. மின்சாரம் இறங்கிச் செத்த பெட்டிக்கு அது தேவையில்லை.

“நீங்களே வைங்க மாப்ள.”

சிரிக்கிறார். “ராத்திரி ஷிஃப்ட் வேலைய விட்டதுலேருந்து உங்களுக்குச் சரியாத் தூக்கமில்ல, எதப் பாத்தாலும் சந்தேகம்தான்.”

கை வெளியே வரவில்லை. கெப்பாசிட்டரில் மீட்டரின் முனைகளை வைக்கிறேன். முள் துள்ளி எழுந்து முந்நூறு வோல்ட்டைத் தாண்டி நிற்கிறது.

“அட, மறந்துட்டேன் போல,” என்று சொல்லிக்கொண்டே டீ குடிக்கக் கிளம்புகிறார். வாசலைத் தாண்டிய பிறகுதான் அந்தக் கை பையிலிருந்து வெளியே வருகிறது. கதவைச் சாத்தி உள்ளிருந்து பூட்டுகிறேன்.