சத்தம் போடாத கொலுசு

அருங்காட்சியகத்தின் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் வெள்ளிக் கொலுசும் வெற்றிலைப் பெட்டியும் அருகருகே இருந்தன. இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. கொலுசு மருமகள் செங்கமலத்துடையது. வெற்றிலைப் பெட்டி அவளுடைய மாமியாருடையது.

“ஏன்டி, பேருதான் கொலுசு. வாயைத் திறக்கவே மாட்டேங்கிறியே!” என்றது வெற்றிலைப் பெட்டி. “நாளைக்கு உன்னைச் சுத்தம் பண்ணப் போறாங்களாம். அப்பவாவது சத்தம் வருமா?”

கொலுசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நான் ஏன் ஊமையா இருக்கேன்னு உங்களுக்குத் தெரியாதா அத்தை? செங்கமலம் அடுப்பங்கரைப் பக்கம் போனா சத்தம் கேட்கணும்னுதானே உங்க வீட்டம்மா என்னை அவ காலில் மாட்டினாங்க? பசிக்கு ஒரு பிடி சோறு எடுக்க முடியலை அவளால. அதான் என் மணிக்குள்ள தேன்மெழுகை அடைச்சா. அதுக்கப்புறம்தான் அவ வயிறு நிறைஞ்சது. அந்த மெழுகை யாரையும் தொட விடமாட்டேன்!”

“வாழ வந்த பொண்ணுக்கு அவ்வளவு என்னடி பசி?” என்றது பெட்டி.

மறுநாள் அதிகாரி ஒருவர் ஊசியால் மெழுகைத் தோண்டினார். கொலுசு அவர் கையிலிருந்து நழுவிப் பார்த்தது. விரலைக் கீறியும் பார்த்தது. “பழைய அழுக்கு, லேசில் வராது” என்று சிரித்தபடி கடைசித் துணுக்கையும் எடுத்துக் குப்பையில் போட்டார். பிறகு பார்வையாளர்கள் முன்னால் கொலுசைக் குலுக்கினார். அது கலகலவென்று ஒலித்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

“அடடா, எவ்வளவு இனிமையா பாடுறே!” என்றது வெற்றிலைப் பெட்டி.

“பாடலை அத்தை” என்றது கொலுசு. “அவளைக் காட்டிக் கொடுக்கிறேன்.”