இன்ஜின் நிற்கும் நேரம்

திடீரென்று சத்தம் அடங்கிப்போனது. விமானத்தின் மூக்கில் விசிறி மட்டும் சோம்பலாகச் சுற்றியது.

"இன்ஜின் போச்சு!" என்று கத்தினார், இறுக்கிய பெல்ட்டுக்குள் விறைப்பாக உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் கேப்டன்.

பக்கத்து இருக்கை மாணவி அலட்டிக்கொள்ளவே இல்லை. மூக்கைத் தாழ்த்தினாள், வேகத்தைப் பிடித்தாள். "அறுவடை முடிஞ்ச அந்த வயல்ல இறக்கிடலாம் சார்" என்றாள்.

தரை நெருங்கியது. "போதும், மேலே ஏத்து" என்றார். இன்ஜினை அடக்க அவர் ரகசியமாக இழுத்து வைத்திருந்த பிடியை உள்ளே தள்ளினாள். இன்ஜின் உறுமியது.

கேப்டனின் மண்டைக்குள் குடைச்சல் ஆரம்பித்தது. சொல்லாமல் கொள்ளாமல் இன்ஜினை அடக்கினால் எப்பேர்ப்பட்ட கொம்பனும் திருதிருவென்று விழிப்பான். இவளோ, அவர் பிடியைத் தொடுவதற்கு முன்பே வயல் தேட ஆரம்பித்துவிடுகிறாள். ஒரு முறையல்ல, ஒவ்வொரு முறையும்.

யாரோ துப்புக் கொடுக்கிறார்கள்!

இறங்கியதும் நேரே மெக்கானிக்கைப் பிடித்தார். "அந்தப் பொண்ணுக்கு நீதான் ஏதோ சொல்லிக் கொடுக்கறே."

"நல்லா இருக்கே கதை! எப்ப நிறுத்துவீங்கன்னு மேல போனப்புறம்தான் உங்களுக்கே தெரியும். கீழே கிரீஸ் துடைக்கிறவனுக்கு எப்படி சார் தெரியும்?" மெக்கானிக் கண்ணைச் சிமிட்டினான். "என்ன, பயந்துட்டீங்களா?"

"பயமா? எனக்கா? போய்யா!"

ஆனால் கவலை இருந்தது. மறுநாள் அவள் தனியாகப் பறக்க வேண்டும். அனுமதி தர வேண்டியவர் அவர்தான். அவளுக்கு நிஜமாகவே கை வந்திருக்கிறதா, இல்லை ஏதாவது திருட்டுத்தனமா? தப்புக் கணக்குப் போட்டால் போவது ஓர் உயிர்.

மாலையில் மறுபடியும் கிளம்பினார்கள். வேண்டுமென்றே புதுத் திசைக்குப் போகச் சொன்னார். தம்பி பரீட்சையில் கோட்டை விட்ட கதையை அவள் வாயாலேயே கிளறிவிட்டார். பெல்ட்டை ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டு, கதைக்கு வாய்விட்டுச் சிரித்தபடியே கையைப் பிடியின் பக்கம் நகர்த்தினார்.

கதை பாதியில் நின்றது. அவள் பார்வை ஜன்னலுக்கு வெளியே ஓடியது.

"குளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மைதானம் இருக்கு சார்."

"நான் இன்னும் இழுக்கவே இல்லையேம்மா!"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவசரமாக விமானத்தை ஓடுதளத்துக்குத் திருப்பினாள்.

விமானத்தை நிறுத்தியதும் கேப்டன் தூண்டில் போட்டுப் பார்த்தார். "இவ்வளவு கெட்டிக்காரிக்கு இனிமே நான் எதுக்கு? நாளைக்கு நீ தனியாவே போ."

அவள் முகம் சுண்டிப்போனது. "வேண்டாம் சார். இன்னும் கொஞ்ச நாள் நீங்களும் கூட வாங்க."

"ஏன்? தனியாப் போனா என்ன?"

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"இன்ஜின் நிக்கப்போகுதுன்னு எனக்குத் தெரியணுமே... பயந்துபோய் பெல்ட்டை இறுக்கிக்க நீங்க பக்கத்துல இருக்கணும்ல சார்!"