ஓட்டை விழுந்த மாசிக்காய்

நேற்று மத்தியானத்திலிருந்து வயிற்றில் பிள்ளை அசையவில்லை. செண்பகவடிவு அதை யாரிடமும் சொல்லாமல், பிறக்கப்போகும் பிள்ளைக்கு உரைமருந்து வாங்க நாட்டு மருந்துக் கடையில் வந்து நின்றாள். கடைக்கார அண்ணாச்சி அந்த மருந்தில் சேரும் மாசிக்காய்களைத் தராசுத் தட்டில் உருட்டிவிட்டார்.

“இது காயே இல்லம்மா. பூச்சி மரத்துல முட்டை வச்சிரும். மரமும் ஏமாந்தாப்ல அதச் சுத்தி வாடகையில்லாம வீடு கட்டிக் குடுத்துரும். ஓட்டை இருந்தா பூச்சி பறந்துட்டுன்னு அர்த்தம். அது வெறும் சக்கை. ஓட்டையில்லாததுதான் உசத்தி.”

“அதுக்குள்ள இருக்க பூச்சி?”

“செத்துக் கெடக்கும். அதுலதாம்மா சத்தே!”

அவள் தட்டில் கையை விட்டு, ஓட்டையில்லாதவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவர் பக்கமே தள்ளினாள்.

“என்ன தாயி, நல்லதையெல்லாம் கழிக்கியே?”

“எனக்குப் பறந்ததே போதும் அண்ணாச்சி. நல்லதுக்கு உள்ள வெலையே போட்டாலும் சரி.”